கிதார் இல்லாத ராக் ஆல்பம்

இன்று காலை உன் சாக்ஸபோன் பெட்டியைத் திறந்தேன். தேங்காயெண்ணெயும் அத்தரும் கலந்த வாசம் குப்பென்று வந்தது. வாசிக்காமல் கிடந்தால் வாத்தியம் கெட்டுப்போகும் என்று உன் மனைவி நேற்றுதான் அதைக் கொடுத்தனுப்பியிருந்தார்.

ரெட்டியார்சத்திரம் தேங்காய்க் குடோனில் ஞாயிறுதோறும் நாம் நான்கு பேரும் கூடுவோம். நம் அப்பாக்கள் வாலிபர்களாக இருந்த காலத்து ஆங்கில ராக் ஆல்பம் ஒன்றை முழுக்க ஆடவைக்கும் ஜாஸ்-ஃபங்க்காக மாற்றுவோம் என்றாய். கிதாரே வேண்டாம், அதன் வேலையைச் சாக்ஸபோன் பார்த்துக்கொள்ளும் என்றாய். அந்த ஆல்பத்தைக் கேட்டு டிரம்ஸ் பழகியவன் நான். ரெக்கார்டில் உள்ளபடியே வாசிப்போம் என்று மல்லுக்கு நின்றேன்.

"அப்ப ரெக்கார்டையே போட்டுட்டுப் போயிரலாம்ல மாப்ள. நாம எதுக்கு?" என்றாய்.

மூன்றாவது பாட்டில் டிரம்ஸ் அடியைத் தாளத்துக்குக் கொஞ்சம் பின்னால் தள்ளிப் போடச் சொன்னாய். அரை மனதாகப் போட்டேன். கீழ்ச்சுருதிக்குப் பேஸ் வாசிக்கும் ஸ்டெல்லா உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்து ஆடத் தொடங்கிவிட்டாள். அதன்பிறகு எனக்கு வாதாட எதுவுமில்லை.

மதுரை இசை விழாவில் நமக்கு இடம் கிடைத்த மாதம் உனக்கு மஞ்சள் காமாலை முற்றியது. "விழாவுக்குள்ள எந்திரிச்சு வாரேன்" என்று ஆஸ்பத்திரியில் சொன்னாய்.

உன் அடக்கம் முடிந்த வாரமே விழாக்காரர் போன் செய்தார். சென்னையிலிருந்து ஒரு கிதார்காரரை அனுப்புவதாகவும், ஆல்பத்தை அச்சு அசலாக வாசித்தால் கூட்டம் கொண்டாடும் என்றும் சொன்னார். நான் அத்தனை நாளும் ஆசைப்பட்டது அதுதான். சரி என்று சொல்லிவிடலாம் என்றான் கீபோர்டு முருகன். உன்னைப் பறிகொடுத்த துக்கத்தில் அவனுக்கு வேறெதற்கும் தெம்பில்லை.

"கிதார் வேணாம் சார். நாங்க மாத்துன மாதிரி வாசிக்கிறதா இருந்தா வாரோம்" என்றேன்.

அவர் ராத்திரி மேடையிலிருந்து எங்களை உச்சிவெயில் நேரத்துக்கு மாற்றினார். ஒத்துக்கொண்டேன்.

சின்னாளப்பட்டிக் கல்யாண பேண்டில் சாக்ஸபோன் வாசிக்கும் பாண்டியண்ணனைக் கூட்டிவந்தோம். ஸ்டெல்லா போனில் பதிந்துவைத்திருந்த உன் வாசிப்பைக் கேட்டுக் கேட்டுப் பழகினார். மூன்றாவது பாட்டு மட்டும் வழுக்கிக்கொண்டே இருந்தது. அதை விட்டுவிடலாமா என்று கேட்டார். முடியாதண்ணே என்று சொல்லி மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன்.

விழாவில் முதல் பாட்டுக்கே சிலர் எழுந்து போனார்கள். கிதார் எங்கே என்று ஒருவர் கத்தினார். நான் தலை நிமிரவில்லை. மூன்றாவது பாட்டில் அடியைத் தள்ளிப் போட்டேன். பாண்டியண்ணனின் சாக்ஸபோன் இம்முறை வழுக்காமல் அதில் கால் வைத்து ஏறிப் போனது. பந்தல் நிழலில் ஒதுங்கியிருந்தவர்கள் வெயிலுக்கு வந்து ஆடினார்கள்.

மேடையிலிருந்து இறங்கியதும் நரைத்த தாடிக்காரர் ஒருவர் வழிமறித்தார்.

"இது அந்தப் பாட்டே இல்லப்பா."

"ஆமா சார். இது எங்க பாட்டு" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. ஆனால் கடைசிப் பாட்டு வரைக்கும் நின்று கேட்டிருந்தார்.

இப்போது அடுத்த ஆல்பத்தைத் தொடங்கியிருக்கிறோம். இதையாவது உள்ளபடி வாசிப்போமே என்று முருகன் போன ஞாயிறு இழுத்தான். குடோன் அதிர அவனோடு சண்டை போட்டேன். அந்தச் சண்டையில் நீ நின்ற பக்கத்தில் ஆள் இல்லாமல் போகக் கூடாது மாப்ள. அங்கே இப்போது நான் நிற்கிறேன்.