காலில் வரைந்த புண்

சித்திரை 9, செவ்வாய், இரவு

கை கழுவிக் கழுவி அலுத்துவிட்டது. நக இடுக்கில் சிவப்புச் சாயம் இன்னும் இருக்கிறது.

இன்று உப்பளத்தில் ஒரு பட்டுச்சேலை விளம்பரத்துக்குப் படம் எடுத்தார்கள். மேக்கப் என் பொறுப்பு. சென்னையிலிருந்து வந்த மாடல் பெண்ணின் பாதங்களில், உப்பு அரித்த புண்களை வரையச் சொன்னார் போட்டோகிராபர். பட்டுக்குக் கீழே புண் தெரிந்தால் படம் பரபரப்பாகப் பேசப்படுமாம். வரைந்தேன்.

அந்தப் பெண் உப்புத்தண்ணீர்ப் பாத்தியில் இறங்கி நின்றாள். உப்பு சுமந்துகொண்டிருந்த இசக்கியம்மாள் அக்கா அந்தப் புண்களைப் பார்த்ததும், கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

"ஏளா, இந்தக் காலோடயா உப்புத்தண்ணியில நிக்க? எரியலையா?"

இடுப்பில் செருகியிருந்த தேங்காயெண்ணெய்ச் சீசாவை எடுத்து, குனிந்து தடவிவிட்டாள். புண் அவள் கையோடு வந்துவிட்டது.

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பிறகு உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே என்னிடம் கேட்டாள். "சாயமா? இத எதுக்கும்மா வரையுத?"

"பாக்க நல்லா இருக்கும்னு சொல்லுதாவ அக்கா."

வேறு என்ன சொல்ல? அவள் கோபப்பட்டிருக்கலாம். நான்கு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"திரும்பப் போடுங்க" என்றார் போட்டோகிராபர். எண்ணெயைத் துடைத்துவிட்டு மேக்கப் பெட்டியைத் திறந்தேன். என் வேலையைக் கெடுத்துவிட்டோமே என்று அக்காவுக்கு வருத்தம். ரப்பர் செருப்பைக் கழற்றி, தன் காலை என் முன்னால் நீட்டினாள்.

"இதப் பாத்து வரைம்மா. சரியா வரும்."

பார்த்துப் பார்த்து வரைந்தேன். முதல் தடவையைவிட நன்றாக வந்தது.