மாற்றுக்கு ஓர் ஆள்

ஸ்ரீரங்கம்
12-6-1958

அநேக நமஸ்காரம். இங்கு நானும் அப்பாவும் க்ஷேமம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை, நான் கிணற்றடியில் இருந்த நேரம் பார்த்து, உங்கள் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார். ரிட்டையர் ஆனதே அவருக்கு நினைவில்லை. எட்டாம் வகுப்பில் நுழைந்து கரும்பலகையில் வட்டிக் கணக்குப் போட ஆரம்பித்தாராம். ஹெட்மாஸ்டரே கையைப் பிடித்து அழைத்து வந்தார். "இப்படியே விடாதீங்கோம்மா" என்றார்.

வைத்தியர் லேகியம் கொடுத்தார். எதிராத்து மாமி திருஷ்டி என்கிறாள். உங்கள் பெரியப்பா பூர்வ கர்மா என்கிறார். ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். வந்து அரை நாழி அவரோடு உட்கார ஒருவரும் இல்லை. நீங்கள் லீவு போட்டு வந்தால் தேவலை.

தங்கள்
மரகதவல்லி

—

கரோல்பாக், டில்லி
18-6-1958

சௌபாக்கியவதி மரகதத்துக்கு அநேக ஆசீர்வாதம்.

உன் கடிதம் கிடைத்தது. வயதானால் மறதி சகஜம். நீ வீணாகப் பதறுகிறாய். வல்லாரை கொடுத்துப் பார். வாசலைத் தாழிட்டு வை. ஆபீசில் இப்போது லீவு என்று வாயைத் திறக்க முடியாது. இங்கே வெயில் தாங்கவில்லை. ஒரே அறையில் மூன்று பேர் இருக்கிறோம். மெஸ்ஸில் ரசம் என்ற பெயரில் வெந்நீர் ஊற்றுகிறான். அப்பாவுக்கு என் நமஸ்காரத்தைச் சொல்.

ராஜகோபாலன்

—

ஸ்ரீரங்கம்
2-7-1958

அநேக நமஸ்காரம்.

தாழிட்டுப் பார்த்தேன். கதவை உள்ளிருந்து தட்டித் தட்டிக் கையை வீங்க வைத்துக்கொண்டார். பொறுக்க முடியாமல் திருச்சி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். பஸ்ஸில், "நீ யாராத்துப் பொண்ணு? என்னை எங்கே அழைச்சிண்டு போறே?" என்று உரக்கக் கேட்டார். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

டாக்டர் நல்லவர். பொறுமையாகச் சொன்னார்: "இது கிறுக்கு இல்லீங்கம்மா. மூளைக்கு வந்த நோவு. குணமாக்க மருந்து கிடையாது. அவர்கூட வாதாடாதீங்க. சாப்பாடு, நடை எல்லாம் தினம் ஒரே நேரத்துல இருக்கட்டும். சட்டையில பேரும் விலாசமும் தச்சு வைங்க." பிறகு, "உங்களுக்கு மாத்து ஆள் யாரு?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏன் என்று தெரியவில்லை.

மாற்று ஆளைத் தேடி எங்கெல்லாமோ விசாரித்தேன். கன்னிகாஸ்திரீகள் நடத்தும் முதியோர் விடுதியில், யாருமற்றவர்களை மட்டுமே சேர்ப்பார்களாம். வீட்டுக்கு ஆள் அனுப்ப மாட்டார்களாம். கடைசியில் ஆஸ்பத்திரி நர்ஸ் ரோசம்மாள்தான், "டியூட்டி இல்லாத நாள்ல நானே வரேங்க" என்றார். வந்தார். அப்பா அவருக்கு வட்டிக் கணக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டு நிம்மதியாக உட்கார்ந்திருந்தார். பல நாளைக்குப் பிறகு நான் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டேன்.

தங்கள்
மரகதவல்லி

—

டில்லி
9-7-1958

மரகதத்துக்கு,

பெரியப்பாவும் எழுதியிருக்கிறார். முன்பின் தெரியாதவள், அதுவும் வேற்று மதத்தவள், நம் அகத்துக்குள் வந்து போவதா? முதியோர் விடுதி வரைக்கும் போய் விசாரித்தாயாமே. நாலு பேர் என்ன நினைப்பார்கள்? அப்பாவுக்குப் பிள்ளை இல்லையா? அந்த நர்ஸை உடனே நிறுத்திவிடு. தீபாவளிக்கு வர முடிகிறதா பார்க்கிறேன்.

ராஜகோபாலன்

—

ஸ்ரீரங்கம்
25-7-1958

அநேக நமஸ்காரம்.

நீங்கள் எழுதியபடி ரோசம்மாளை வர வேண்டாம் என்றேன். "நீங்க படுத்துட்டா இவர யாருங்கம்மா பாப்பாங்க?" என்றார்.

அந்த வாரமே, மத்தியானம் அரிசி களைந்துகொண்டிருந்தபோது உட்கார்ந்தபடியே கண் செருகிவிட்டது. விழித்தால் வாசல் திறந்து கிடக்கிறது. தலை அவிழ்ந்தது தெரியாமல் அம்மா மண்டபம் படித்துறைக்கு ஓடினேன். ஆற்றில் ஆடி வெள்ளம். அப்பா மார்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். பரிசல்காரர் மூக்கன் குதித்து இழுத்து வந்தார். படியில் நடுங்கிக்கொண்டு அப்பா சொன்னார்: "ராஜு இன்னும் ஸ்கூல்லேர்ந்து வரலையேம்மா. அக்கரையிலே போய்ப் பார்க்கலாம்னு கிளம்பினேன்."

அவர் தேடுவது உங்களைத்தான்.

பங்குனியில் நீங்கள் வந்தபோது, "நீங்க யாரு?" என்று உங்களைப் பார்த்துக் கேட்டார். மறுநாளே ஆபீசில் அவசரம் என்று புறப்பட்டீர்கள். எது அவசரம் என்று எனக்கு அன்றே தெரியும். உங்களுக்கு அது வலிக்காமல் இருக்குமா? என்னையும் அவர் தினமும் கேட்கிறார். நான் தினமும் பெயரைச் சொல்கிறேன். சில நாள் சிரிக்கிறார்.

அப்பாவை அழைத்துக்கொண்டு டில்லிக்கு வருகிறேன். ரோசம்மாளின் தம்பி தைரியராஜ் பட்டாளத்தில் இருக்கிறார். லீவு முடிந்து டில்லி திரும்புகிறார், துணைக்கு வருகிறார். இந்தக் கடிதம் உங்களுக்குக் கிடைக்கும்போது நாங்கள் ரயிலில் இருப்போம். வியாழக்கிழமை ஜி.டி. எக்ஸ்பிரஸில் டில்லி வந்து சேருவோம். கோபத்தில் எழுதவில்லை, எனக்குத் திராணி இல்லை, அவ்வளவுதான். உங்கள் அறைக்காரர்களிடம் சொல்லி வேறு ஜாகை பாருங்கள். கிடைக்காவிட்டாலும் ஸ்டேஷனுக்கு வந்துவிடுங்கள்.

அவர் எதிரே போய் நின்று "தெரியறதா?" என்று சோதிக்காதீர்கள். பெயரைச் சொல்லிக் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். மோரில் உப்பு வேண்டாம். சாயங்காலம் நம்மாத்துக்குப் போகணும் என்பார். மறுக்காமல் கூடவே கொஞ்ச தூரம் நடந்துவிட்டுத் திரும்புங்கள்.

நான் வந்ததும் தூங்குவேன். சாப்பிடக்கூட எழுப்ப வேண்டாம்.

மரகதவல்லி