இறங்கிய காந்தாரம்

அன்புள்ள மலர்கொடிக்கு,

சேத்தியாத்தோப்பில் உன் அண்ணன் வீட்டில் எல்லோரும் நலம்தானே? எனக்குத்தான் ஒரே குழப்பம்.

நம் குவார்ட்டர்ஸில் பலகை ஒன்றில் கம்பி கட்டினேன். முழுக் கம்பி சட்ஜம், அதாவது 'ஸ'. அதை ஐந்து சம பாகமாக்கி நான்கு பாகத்தை மட்டும் மீட்டினால் சுருதி பிசகாத அந்தர காந்தாரம், 'க', வரும் என்பது கணக்கு. வந்தது. ஆனால் என் கீபோர்டு காந்தாரத்தைவிட நூலளவு இறங்கி நிற்கிறது. மூன்று முறை அளந்துவிட்டேன். ஷிப்ட் முடிந்து வந்து இன்றும் அளந்தேன்.

கொலுவன்று நம் பிளாக்கே உட்கார்ந்திருக்க, நீ பாடும்போது கீபோர்டோடு ஒத்துப் பார்த்து, "காந்தாரம் இறங்குது, நிறுத்து" என்றேன். "எனக்கு இப்படித்தாங்க வருது" என்றாய். பிறகு நீ பாடவேயில்லை.

கம்பியில் நீ பாடியதுதான் கேட்கிறது. கீபோர்டு தப்பா, நான் தப்பா, தெரியவில்லை.

போனில் ஒரு தடவை பாடேன். திருத்த மாட்டேன்.

இப்படிக்கு,
சுருதி தெரியும் என்று நினைத்திருந்தவன்