என் பெயரில் ஒரு பொய்

தில்லைக் கூத்தனே, இன்று என் நாவைக் காத்தருள்.

ஞாயிறு இரவு.

மாப்பிள்ளை மீது கொண்ட சினம் இன்னும் தணியவில்லை. செல்பேசிச் செயலி காட்டும் இடத்தில் பிறர் ஒளித்துவைத்த டப்பாவைக் குடும்பத்தோடு தேடிக் கண்டெடுத்து, உள்ளிருக்கும் தாளில் பெயரெழுதிவருவது எங்கள் விடுமுறை விளையாட்டு. ஆஸ்டின் டவுன் மஞ்சுளா குடும்பத்தாரின் நட்பு அதனால்தான் வாய்த்தது.

அவள் ஏரிக்கரையில் ஒளித்த டப்பாவைத் தேடி இன்று புறப்பட்டோம். வைட்ஃபீல்ட் நெரிசலில் சலித்துப் பாதியிலேயே திரும்பினோம். மாப்பிள்ளையோ, கண்டெடுத்துவிட்டதாக எங்கள் அனைவர் பெயரிலும் செயலியில் பதிந்துவிட்டார்.

"பொய் எதுக்கு மாப்ள?"

"கேம்தானே மாமா! யாரு வந்து செக் பண்ணப் போறா?"

மகளின் கணவரை அதற்குமேல் கடிந்துகொள்ள முறை இடந்தரவில்லை. மஞ்சுளாவைச் செல்பேசியில் அழைத்து உண்மையைச் சொன்னேன்.

"தெரியும் அப்பாஜி. கரையில வேலை நடக்குதுன்னு டப்பாவ நேத்தே வீட்டுக்குக் கொண்டாந்துட்டேன். நீங்களுமா இப்படின்னு மனசு விட்டுப்போச்சு. இனிமே உங்ககூட எப்படிச் சேர்ந்து தேடுறது?"

கூசிப்போனேன். செல்பேசியை மாப்பிள்ளையிடம் நீட்டினேன். முகம் கறுக்க வாங்கி, "சாரிக்கா, தப்புதான்," என்றார்.

"அடுத்த வாரம் எல்லாரும் வாங்க. அப்பாஜி முன்னாடி நடக்கட்டும், நீங்க பின்னாடி வாங்க," என்றாள் அவள்.

அதன்பின் அவர் என்னோடு பேசவில்லை. பேசாதிருக்கட்டும். இறைவா, இவ்வில்லத்தார் நாவில் மெய் தங்குக. முறைத்தபடி உறங்கச் சென்றவரும் நலமே விழித்தெழுக.