கேப்டனைத் திட்டும் உரிமை

அமியேன் அருகே,
மார்ச் 1917

அன்பு மகன் ஃபிர்மினுக்கு அம்மா எழுதுவது. மாதாவின் கருணையால் நானும் உன் தங்கை ஓதிலும் சுகம், எனக்கு முட்டி வலி மட்டும் மழைக்கு முன்பே வந்துவிடுகிறது. சலோனிக்காப் போர்முனையின் கொசுக்கள் உன்னை அண்டாதிருக்கட்டும். சாப்பாட்டுக்கு முன் கை கழுவச் சொன்னதற்காக உன் சிப்பாய்கள் உனக்குக் 'கன்னியாஸ்திரி' என்று பெயர் வைத்துவிட்டார்கள், இனி அவர்கள் முகத்தில் விழிக்கப் பிடிக்கவில்லை, மாற்றல் கேட்டு எழுதப் போகிறேன் என்கிறாய். அவசரப்படாதே, இங்கே நடந்ததைக் கேள்.

பதுங்குகுழியிலிருந்து ஓய்வுக்கு வந்த ஒரு கம்பெனிப் படை நம் வைக்கோல் கொட்டகையில் தங்கியிருக்கிறது. அவர்களுடைய கேப்டன் தெல்மோத்துக்காக உன் அப்பாவின் அறையில் சலவை விரிப்பு போட்டு வைத்திருந்தேன், மனிதர் அதை எட்டிக்கூடப் பார்க்காமல் கொட்டகைக்குப் போய் வைக்கோலுக்குள் முழங்கை வரை கையை விட்டுப் பார்த்துவிட்டு, என்ன மதாம், இந்த ஈரத்துல உங்க வீட்டுப் பன்னி படுக்குமா என்று எல்லார் எதிரிலும் கேட்டார். என்னிடம்! காய்ந்த வைக்கோல் வந்த பிறகுதான் அறைக்குள் நுழைந்தார். சிப்பாய்களின் சூப்பை ருசி பார்க்காமல் தன் சாப்பாட்டைத் தொடுவதில்லை. அவர்கள் அவரை வைகிற வசவு இருக்கிறதே, காது கூசும். கெழட்டுக் கரடி இன்னிக்கும் உப்புப் பத்தலன்னு உறுமிட்டுப் போகுது என்பான் சமையற்காரன் கஸ்பார். தெனமும் நம்ம காலத் தூக்கிப் புண்ணு பாக்குறதுக்கு ஒரு மாட்டு வைத்தியனையே கேப்டனாக்கியிருக்கலாம் என்பான் கார்ப்பரல் பஸ்தியான். பக்கத்துக் கம்பெனி கேப்டன் சுருட்டு கொடுத்து நண்பர்களே என்று பேசுகிறவர், அவரைப் பற்றிக் கேட்டால் நல்ல மனுஷர் என்பதோடு சரி, ஒரு பட்டப்பெயர்கூடக் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்கு ஆப்பிள் மது ஊற்றும்போது நானும் சேர்ந்துகொண்டு, உங்கள் கரடிக்கு மரியாதையே தெரியவில்லை என்றேன். அத்தனை கரண்டிகளும் அப்படியே நின்றுவிட்டன. பஸ்தியான் எழுந்து தொப்பியைக் கழற்றி, மதாம், அவரத் திட்டுறது எங்க வேலை, நீங்க அவரோட குழியில நின்னதில்ல என்றான். கஸ்பார் மெதுவாக, சூப் தூக்கிட்டு வந்தவங்க குண்டுல போன அன்னிக்குத் தன் ரொட்டிய வெட்டி எங்களுக்குத்தான் குடுத்தாரு, வெட்டும்போதும் எங்களத் திட்டிக்கிட்டேதான் வெட்டினாரு என்றான். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை, இன்னொரு ஜாடி கொண்டுவந்து ஊற்றினேன்.

ஆகவே மாற்றல் கேட்காதே மகனே, கை கழுவச் சொல்வதையும் விடாதே. வேறு கம்பெனிக்காரன் எவனாவது உன்னைக் கன்னியாஸ்திரி என்று சொல்லி, அதற்காக உன் ஆள் ஒருவன் அவன் மூக்கை உடைத்துவிட்டு உன் முன்னால் வந்து நின்றால், தண்டனையைக் கொஞ்சம் குறைத்துக் கொடு.

மாதா உன்னையும் உன் ஆட்களையும் காக்கட்டும். மலேரியாக் காய்ச்சலுக்கான கொயினா மாத்திரையை நீ விழுங்கினால் போதாது, அவர்கள் விழுங்குகிறார்களா என்று நின்று பார். முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும்.

உன் அம்மா
ஒனோரின் வஸேர்