கொதிக்காத லாரி

அண்ணே,

போன வாரம் ஜுருவில் ஒரு கார் பட்டறையில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல் சண்டை போட்டுவிட்டு வந்தேன். மகனுடைய கார், தீவுக்குத் திரும்பும் பாலத்தில் ஏறுவதற்கு முன்பே கொதித்து நின்றுவிட்டது. இழுத்துக்கொண்டு போய் அங்கே விட்டோம். மெக்கானிக் முன்மூடியைத் திறந்ததும் சுடுதண்ணீரும் துருவும் வெந்த ரப்பரும் கலந்த அந்த வாடை மூக்கில் ஏறியது. எத்தனை வருடமானால் என்ன, அந்த வாடை வந்தால் நீங்களும் கூடவே வந்துவிடுகிறீர்கள்.

ரேடியேட்டருக்குப் பின்னால் சுழலும் காற்றாடியைச் சுற்றி இப்போதெல்லாம் பிளாஸ்டிக்கில் ஒரு கூடு வைத்துவிடுகிறார்கள். அதில் ஒரு பக்கம் உடைந்திருந்தது. மெக்கானிக் அதைக் கழற்றி ஓரமாக வீசினார்.

“இது எதுக்கு அங்கிள்? சும்மா இடத்த அடைச்சிக்கிட்டு. இல்லாட்டியும் ஓடும் லா.”

“ஓடும். மேடு ஏறுமா? கூடு இல்லாட்டி காத்தாடி பின்னால இருக்கிற சூட்டையே திரும்பத் திரும்ப சுத்திக்கிட்டுக் கெடக்கும். மொதல்ல அத எடுத்து மாட்டு.”

மகன் என் சட்டையைப் பிடித்து இழுத்தான். அவனுக்கு வெட்கமாகிவிட்டது. நான் போய்க் கூட்டைப் பொறுக்கி எடுத்து, அது இருந்த இடத்தில் வைத்துப் பிடித்து, காற்றாடி இறக்கையின் நுனிக்கும் வளையத்துக்கும் நடுவே விரலை விட்டுப் பார்த்தேன். இரண்டு விரல் போயிற்று. “பரவாயில்லை” என்று நீங்கள் சொல்வது காதில் விழுந்தது. அந்தப் பரவாயில்லையை நான் எவ்வளவு வெறுத்தேன் என்பது உங்களுக்குத் தெரியாது.

ஜப்பான்காரன் வந்து உங்கள் அலுவலகத்தை மூடியபிறகுதான் நீங்கள் என் கடைக்கு வந்தீர்கள். துறைமுகத்துக்குப் பின்னால், சந்துக்குள் இருந்த கடை. நான் தகரம் வெட்டுகிறவன். வாளி, எண்ணெய்க் குவளை, புனல் இதெல்லாம் செய்து பிழைத்தவன். நீங்கள் அரசாங்கத்தில் பாலத்துக்கும் சாக்கடைக்கும் வரைபடம் போட்டவர். யாழ்ப்பாணத்துக் குடும்பம், வெள்ளைச் சட்டை, காதில் எப்போதும் ஒரு பென்சில். வேலை போனதும் வீட்டில் உட்கார முடியாமல், “ஏதும் கீற வேணுமெண்டால் சொல்லும்” என்று கேட்டு வந்தீர்கள். வாளிக்கு எதற்கு வரைபடம் என்று நான் சிரித்தேன். என்னைவிடச் சில மாதம்தான் மூத்தவர், அதை வைத்தே அண்ணன் ஆகிவிட்டீர்கள்.

பெட்ரோல் கிடைக்காமல் போய், பேருந்துகளெல்லாம் பின்னால் அடுப்பைக் கட்டிக்கொண்டு கரிப்புகையில் ஓடிய காலம் அது. ஆயர் ஈத்தாம் பேருந்து பாதி வழியில் கொதித்து நின்றுவிடும். ஜனங்கள் இறங்கித் தள்ளுவார்கள், ஓட்டுநரின் பரம்பரையையே திட்டுவார்கள். ரேடியேட்டரில் ஓட்டை என்று நினைத்து அதை என்னிடம் ஈயம் வைக்கக் கொண்டு வந்தார்கள். நீங்கள்தான் உங்கள் வீட்டுச் சாம்பிராணிக் கரண்டியை எடுத்து வந்து, எஞ்சினை ஓடவிட்டு, ரேடியேட்டருக்கு முன்னால் புகையைக் காட்டினீர்கள். நடுவில் புகை உள்ளே போனது. நான்கு மூலையிலும் போகவில்லை; ஒரு மூலையில் உள்ளே போன புகையே திரும்பி வெளியே வந்தது.

“பாரும், ஓட்டையுமில்லை ஒண்டுமில்லை. காத்து வந்த வழியே திரும்பிப் போகுது. அதைப் பிடிச்சு இழுக்க ஒரு கூடு வேணும்.”

மண்ணெண்ணெய்த் தகரத்தைப் பிரித்துத் தட்டி முதல் கூட்டைச் செய்தேன். ரேடியேட்டர் பக்கம் சதுரம், காற்றாடிப் பக்கம் வட்டம். நான் பெட்டி மாதிரி நேராக மடித்துவிட்டேன். மூலையில் காற்று மோதி நிற்கும், சரித்து மடியும் என்றீர்கள். சரித்தேன். காற்றாடி முழுக்க வளையத்துக்குள் இருக்கக் கூடாது, பாதி உள்ளே பாதி வெளியே இருக்கட்டும் என்றீர்கள். அப்படியே செய்தேன். பிறகு எஞ்சினை நிறுத்திவிட்டு, இறக்கை நுனிக்கும் வளையத்துக்கும் நடுவே விரலை விட்டீர்கள்.

“இரண்டு விரல் போகுது. இதுக்குள்ளால எவ்வளவு காத்து ஓடும் தெரியுமோ? பரவாயில்லை.”

பேருந்து ஆயர் ஈத்தாம் வரை நிற்காமல் போய் வந்தது. ஓட்டுநர் எனக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்தார். நீங்கள் மட்டும் பரவாயில்லை என்றீர்கள். மிக நன்றாக இருந்தால் உங்கள் ஊர்ப் பேச்சில் ‘திறம்’. முக்குக் கடை கோப்பி திறம். உங்கள் மனைவி வைத்த மரவள்ளிக்கிழங்குக் கறி திறம். என் வேலை மட்டும் எப்போதும் பரவாயில்லை!

இடைவெளியை அதற்கு மேல் குறைக்க முடியவில்லை. கரிப்புகையில் ஓடுகிற எஞ்சின் ஜுரக்காரன் மாதிரி உதறும். கூடு ரேடியேட்டரில் நிற்கிறது, காற்றாடி எஞ்சினில் நிற்கிறது. எஞ்சின் ஆடினால் இறக்கை தகரத்தில் மோதும். அதனால் இரண்டு விரல் விட்டே ஆக வேண்டும் என்று இரண்டு பேருமே ஒப்புக்கொண்டோம்.

பேருந்து நன்றாக ஓடுவதைப் பார்த்துவிட்டு, ஜப்பான் பட்டாளத்துக்காரன் தன் பழைய லாரிகளையும் நம்மிடம் அனுப்பினான். முடியாது என்று சொல்ல யாருக்குத் தைரியம்? அன்றைக்குத்தான் நாம் அந்த வழக்கத்தை வைத்துக்கொண்டோம். பேருந்துக்கு இரண்டு விரல். அவர்கள் லாரிக்கு ஒரு கையே போகிற இடைவெளி. வெளியிலிருந்து பார்த்தால் அதே கூடு, அதே பளபளப்பு. சமதரையில் நன்றாக ஓடும், மேட்டில் கொதிக்கும்.

“மேட்டில கொஞ்சம் ஆறுதலா நிண்டு போகட்டும்” என்றீர்கள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

பிறகு ஊரில் மெதுவாக ஒரு பேச்சு வந்தது. சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டு வந்த லாரி பாலிக் புலாவ் மலைச் சாலையில் கொதித்து நின்றதாம், சிப்பாய்கள் ஓடைக்குத் தண்ணீர் எடுக்கப் போனபோது பிடிபட்டவர்கள் ரப்பர் மரங்களுக்குள் இறங்கி ஓடிவிட்டார்களாம். கேட்டுவிட்டு நாம் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளக்கூட இல்லை. அன்றைக்குக் கோப்பிக்கு நீங்கள்தான் காசு கொடுத்தீர்கள்.

இனி எழுதப் போவது ஊருக்கே தெரிந்த கதைதான். நான் எதையும் ஒளித்ததில்லை. கேட்டவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறேன், கேட்காதவர்களிடமும் சொல்லியிருக்கிறேன். எல்லோரும் “உங்க மேல என்ன தப்பு?” என்றே சொல்கிறார்கள். உங்களிடம் மட்டும்தான் சொல்லவில்லை.

வீட்டுக்குக் கிழங்கு வாங்க நீங்கள் மலையைத் தாண்டிப் பாலிக் புலாவுக்குப் போன நாள் அது. காலையில் கொல்லன் பட்டறைக்கு ஆணி வாங்கப் போனவன், துருத்தியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தோல் மடிந்து மடிந்து விரிகிறது, காற்று மட்டும் ஒழுகவில்லை. சட்டென்று மண்டையில் ஏறியது. வளையத்தைத் தனியாக வெட்டி எஞ்சினிலேயே கட்டிவிட்டால்? எஞ்சின் ஆடினால் வளையமும் கூடவே ஆடும், இறக்கை மோதாது. கூடு ரேடியேட்டரில் அசையாமல் நிற்கட்டும். இரண்டையும் பழைய டயர் டியூபால் துருத்தி மாதிரி இணைத்துவிட்டால் போதும். ஆணியையும் மறந்துவிட்டு ஓடி வந்தேன்.

பேருந்து வெளியே போயிருந்தது. வாசலில் பட்டாளத்து லாரி ஒன்றுதான் நின்றது. எதிலாவது செய்து பார்க்க வேண்டுமே! மாலையில் நீங்கள் வந்ததும் காட்டிவிட்டு, கழற்றி, பேருந்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பொய் சொல்லவில்லை அண்ணே, அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அதற்கெல்லாம் முன்னால் வேறொன்று இருந்தது. உங்கள் வாயிலிருந்து ‘திறம்’ என்ற சொல்லை எப்படியாவது பிடுங்கிவிட வேண்டும் என்ற வெறி.

உச்சிப் பொழுதில் முடித்தேன். இறக்கை நுனிக்கும் வளையத்துக்கும் நடுவே என் சுண்டு விரல்கூடப் போகவில்லை. எஞ்சினை ஓடவிட்டேன். வழக்கமான படபடப்பு இல்லை. தேனீக் கூட்டம் மாதிரி ஒரே சீரான ரீங்காரம். ஒரு காகிதத்தை ரேடியேட்டர் முன்னால் நீட்டினேன். நடுவில் ஒட்டியது. மூலையில் வைத்தேன், அங்கேயும் ஒட்டிக்கொண்டது. நான் தனியாக நின்று கைதட்டினேன். அப்போதுதான் இரண்டு சிப்பாய்கள் வந்தார்கள், சத்தத்தைக் கேட்டார்கள், ஒருவன் என் தோளில் தட்டினான், லாரியை எடுத்துக்கொண்டு போனார்கள். மறுநாள்தான் வருவதாகச் சொல்லியிருந்தார்கள்; நான் தடுக்கவில்லை. அது எங்கே போகிறது என்று எனக்குத் தெரியாது.

மாலையில் நீங்கள் வரவில்லை. இருட்டும்வரை பார்த்துவிட்டு ஆயர் ஈத்தாமுக்கு உங்கள் வீட்டுக்குப் போனேன். உங்கள் மனைவி வாசலில் நின்றுகொண்டிருந்தார். பாலிக் புலாவ் பாசாரில், சந்தைக்கு வந்த ஆண்களைப் பிடித்து லாரியில் ஏற்றினார்கள், படகில் அக்கரைக்குக் கொண்டுபோய்ச் சயாமுக்கு ரயில் ஏற்றிவிட்டார்கள் என்பது மறுநாள் தெரிந்தது. எந்த லாரி என்று என் மனதுக்குப் பட்டுவிட்டது. ஆனாலும் சண்டை முடிகிறவரை, அது வேறு லாரியாக இருக்கட்டும் என்று கும்பிடாத சாமி இல்லை.

சண்டை முடிந்தபிறகு ஒருவர் கடை தேடி வந்தார். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், உங்களை நம் கடையில் பார்த்திருந்தவர், சயாமிலிருந்து எலும்பும் தோலுமாகத் திரும்பியவர். உங்களோடு அதே லாரியில் ஏற்றப்பட்டவர்.

“அவரு அங்க காய்ச்சல்ல போய்ட்டாருண்ணே” என்றார். என்னைக் கேட்கவிடாமல் அதை முதலில் சொல்லிவிட்டார். பிறகு கொஞ்சம் தண்ணீர் குடித்தார். “லாரியில ஏத்துனப்ப அவருதான் எங்களுக்குத் தைரியம் சொன்னாரு. மேட்டுல கண்டிப்பா கொதிக்கும், நிக்கும், நின்னதும் எல்லாரும் இடப்பக்கம் குதிங்க, ரப்பர் காடு பக்கத்துலயே இருக்குன்னு. நாங்க எல்லாம் ரெடியா இருந்தோம். வண்டி ஏறுது, ஏறுது, நிக்கவே இல்ல. அவரு தலையச் சாச்சு எஞ்சின் சத்தத்தையே கேட்டுக்கிட்டு இருந்தாரு. அப்புறம் சிரிச்சாருண்ணே.”

“சிரிச்சாரா?”

“ஆமா. அவங்க பேசுற மாதிரியே சொல்றேன், எனக்கு மறக்கல. ‘இது கொதியாது. அவரின்ர வேலை. திறமாச் செய்திருக்கிறார்’னாரு. எங்களுக்கு ஒண்ணும் புரியல. யாருண்ணே அது?”

நான்தான் என்று சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் என் கையைப் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம். அந்த லாரியில் உங்களைத் தவிர இன்னும் எத்தனையோ பேர் இருந்தார்கள். அவர்கள் வீட்டு வாசல் எனக்குத் தெரியாது, போய் நிற்கவும் முடியாது.

உங்கள் மனைவியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“என்னைப் பற்றி ஏதும் சொன்னவரோ?”

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. அந்த மூட்டைத் தொழிலாளிக்கு நினைவிருந்தது என் வேலையைப் பற்றிய பேச்சு மட்டும்தான், வேறு ஒன்றும் அவருக்குத் தெரியவில்லை என்றேன்.

“வேலையைப் பற்றித்தான் கதைச்சிருப்பார். எனக்குத் தெரியும்” என்று சொல்லிவிட்டு எனக்குக் கோப்பி போட உள்ளே போனார். வெகு நேரம் வெளியே வரவில்லை. அவருக்கு வந்து சேர்ந்திருக்க வேண்டிய கடைசிப் பேச்சை நான் அபகரித்துக்கொண்ட மாதிரி இருந்தது. இன்றைக்கும் அப்படித்தான் இருக்கிறது. உங்களைக் கொண்டுபோன அந்தக் கூட்டை நினைத்தால் குற்றவுணர்ச்சியாக இருக்கிறது. அதைவிட, நீங்கள் திறம் என்று சொன்னீர்கள் என்று கேட்ட அந்த ஒரு கணத்தில் என் மனம் குளிர்ந்ததே, அதை நினைத்தால்தான் தாங்க முடியவில்லை.

ஜுருவில் அந்தப் பிளாஸ்டிக் கூட்டின் உடைந்த பக்கத்துக்கு நானே தகரம் வைத்து, விளிம்பில் ரப்பர் கட்டிக் கொடுத்தேன். மெக்கானிக் தலையில் அடித்துக்கொள்ளாத குறைதான். நேற்று பாலிக் புலாவில் ஒரு கல்யாணம். திரும்பி வரும்போது நல்ல வெயில், காரில் ஐந்து பேர். மலைச் சாலையில் பாதி ஏறியதும் மகனிடம் வண்டியை நிறுத்தச் சொன்னேன்.

“ஏம்ப்பா? சூட்டு முள்ளு அசையவே இல்ல. கூலா இருக்கு லா.”

“தெரியும்டா. நிப்பாட்டு.”

அவன் பெருமூச்சு விட்டுக்கொண்டு ஓரமாக நிறுத்தினான். இந்த மேட்டில் நான் எப்போதும் இப்படித்தான் என்று அவனுக்குப் பழகிவிட்டது. நான் இடப்பக்கக் கதவைத் திறந்து வைத்தேன். கீழே மரங்கள் அப்படியே இருக்கின்றன, அண்ணே. ஒரு ஆள் குதித்து, அந்த மரங்களுக்குள் போய்ச் சேருகிற நேரம் வரை காத்திருந்தேன். பிறகு கதவைச் சாத்திவிட்டு, போகலாம் என்றேன்.