உங்கள் பங்குச் சோறு

பிப்ரவரி 6

என் அன்புக்குரியவருக்கு,

நான் நலம். நீங்களும் நலம் என்று எழுதினால் நம்பமாட்டேன். போன மாதப் புகைப்படத்தில் கன்னம் ஒட்டிக் கிடக்கிறது. போனில் கேட்டால், அறையில் ஐந்து பேரும் காதைத் தீட்டிக்கொண்டு இருக்கிறார்கள் என்று நழுவுகிறீர்கள். அதனால்தான் கடிதம்.

நம் தெருத் தையல்கடை வாசலில் பழைய ஃப்ரிட்ஜ் ஒன்றை வைத்திருக்கிறோம். தெருவில் யார் வீட்டில் மிஞ்சினாலும் கெடுவதற்குள் அதில் வைக்கலாம். யாரும் எடுக்கலாம். "குப்பைமேட்டுல சோறு அழுகினா அந்த வாயு பூமியையே சூடாக்குதும்மா" என்று எதிர்வீட்டு டீச்சர் வீடு வீடாகச் சொன்னார். டப்பாக்களில் தேதி பார்ப்பது என் பொறுப்பு. மருந்துக்கடையில் பழகிய கண்ணாயிற்றே.

எப்போது வருகிறீர்கள்?

இப்படிக்கு,
வழி பார்த்திருப்பவள்

பிப்ரவரி 27

என் மருந்துக்கடைக்காரிக்கு,

கன்னம் ஒட்டவில்லை, தாடியை எடுத்திருந்தேன்.

உன் கடிதத்தைப் படித்த அன்று வேலை ஓடவில்லை. இந்த ஹோட்டலில் மதியம் மூன்று மணியானால் விருந்து மேசையில் மிஞ்சியதெல்லாம் கறுப்புப் பைக்குள் போகும். கரண்டியே படாததும்தான். காலையில் நான் சமைத்ததை மதியம் நானே கொட்டுகிறேன். ஒரு ரொட்டியை வெளியே கொண்டுபோனாலும் வேலை போய்விடும்.

மே மாதம் ஒப்பந்தம் முடிகிறது. அடுத்த நாளே கிளம்பிவிடுவேன்.

உன்னவன்

மார்ச் 19

என் அன்புக்குரியவருக்கு,

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஃப்ரிட்ஜில் இருந்த சோற்றைச் சாப்பிட்டு வங்கிக் காவலாளிக்கு ஒரே வாந்தி. டப்பாவில் அன்றைய தேதிதான் இருந்தது. நான்தான் பார்த்து வைத்தேன்.

"ப்ளக்கைப் புடுங்கிடறேன்மா, என் வாசல்ல இந்தப் பாவம் வேணாம்" என்கிறார் தையல்காரர். டீச்சர் கெஞ்சி ஒரு மாதம் தவணை வாங்கியிருக்கிறார். காவலாளி தேறிவிட்டார், நான்தான் தேறவில்லை. "சமையல்காரர் பொண்டாட்டிக்கு இதுகூடத் தெரியாதா?" என்று தெருவில் சிலர் முகத்துக்கு நேரே கேட்டுவிட்டார்கள். சமையல்காரர் பக்கத்தில் இருந்தால்தானே?

உங்கள் மனைவி

ஏப்ரல் 2

கண்ணு,

தப்பு உன்மேல் இல்லை. யாரோ சூடு ஆறாமல் மூடியிருக்கிறார்கள். மூடிய சூட்டில் சோறு உள்ளுக்குள்ளேயே கெட்டுவிடும். அகலத் தட்டில் பரப்பி, ஆறியதும் உடனே உள்ளே வைக்கச் சொல். தேதி போதாது, சமைத்த நேரத்தையும் எழுதவேண்டும்.

இங்கே மிஞ்சுவதையும் கொட்டாமல் கொடுக்கலாம் என்று இதையே ஒரு தாளில் எழுதி, பயந்துகொண்டே மேனேஜரிடம் நீட்டினேன். "எங்க ஊர்ல ஒரு தெருவே செய்யுது சார், நம்மால முடியாதா?" என்றேன். ஒரு மாதம் செய்து பார் என்றார்.

உன்னவன்

மே 3

கண்ணு,

தினமும் நாற்பது பேர் சாப்பாடு இப்போது பக்கத்து முதியோர் இல்லத்துக்குப் போகிறது. கறுப்புப் பை பாதிகூட நிரம்புவதில்லை.

ஆனால் மேனேஜர் என்னை இன்னும் இரண்டு வருடம் இருக்கச் சொல்கிறார். முதலாளியின் மற்ற மூன்று ஹோட்டல்களிலும் இதை நான்தான் தொடங்கிவைக்க வேண்டுமாம். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. சரி என்று சொல்லவும் மனம் வரவில்லை. நீ சொல்வதுபோல் செய்கிறேன்.

உன்னவன்

மே 15

என்னங்க,

மூன்று தடவை "இருந்துவிட்டு வாருங்கள்" என்று எழுதி, மூன்றையும் கிழித்துவிட்டேன்.

நீங்கள் சொன்னபடி செய்ததில் ஃப்ரிட்ஜ் தப்பித்தது. தையல்காரரே நேரம் எழுதாத டப்பாவைத் திருப்பி அனுப்புகிறார். ஃப்ரிட்ஜ் வைத்ததே டீச்சரின் யோசனை என்றுதான் ஊர் நினைக்கிறது. உண்மையை உங்களிடம் மட்டும் சொல்கிறேன். நீங்கள் போனதிலிருந்து இந்த மூன்று வருடமும் இரண்டு பேருக்குத்தான் உலை வைக்கிறேன். ஒருத்திக்கு அளந்து போடக் கை வரவில்லை. உங்கள் பங்கைக் குப்பையில் போட முடியாமல்தான் டீச்சர் வீட்டுக் கதவை முதலில் நான் தட்டினேன்.

தெருவுக்காக எத்தனையோ கேட்டுவிட்டேன். இது எனக்காக. வந்துவிடுங்கள்.

உங்களவள்

மே 28

கண்ணு,

மேனேஜரிடம் சொல்லிவிட்டேன். "ரெண்டு வருஷம் முடியாது சார். பாத்திரம் கழுவற அக்கா என்னைவிடக் கெட்டிக்காரங்க, அவங்களுக்குச் சொல்லிக் குடுத்துட்டுப் போறேன்" என்றேன். மூன்று மாதமாவது இரு என்றார். ஒத்துக்கொண்டேன். கோபித்துக்கொள்ளாதே.

ஆகஸ்ட் கடைசி வரை என் பங்கைத் தெருவுக்கே கொடு. அதற்கப்புறம் ஒரு பருக்கை விடமாட்டேன்.

உன்னவன்